செகப்பு மேடம்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கிற காலைகளில், வேலைக்கு வருகிற யாரும் போனில் உண்மை பேச மாட்டார்கள். "வந்துகினே கீறேன்" என்பார்கள். பாதிப் பேர் அப்போதுதான் லுங்கியோடு டீக்கடையில் நின்றுகொண்டிருப்பார்கள். நானே வீட்டு வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டு, "தேரடி தாண்டிட்டேன் சார்" என்று சொல்லியிருக்கிறேன். சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். அந்தச் சாலையில் தினம் போய்வருகிறவர்கள் அதைப் பொய்க்கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்கள் சைட்டில் வேலை பார்த்த அந்த அம்மாள் மட்டும் அப்படிச் சொல்ல மாட்டார். போனை எடுத்தால், "இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பலை. கிளம்பினாலும் முக்கால் மணி நேரம் ஆகும். எனக்காக நிக்காதீங்க, மீட்டிங்கை ஆரம்பிங்க" என்பார். கேட்டவருக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். "சரிங்க மேடம்" என்று வைத்துவிடுவோம்.

எர்ணாவூரில் நாங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பழைய வீடுகளை இடித்துவிட்டு, அதே மனையில், அதே ஜனங்களுக்காகப் புதிதாக இரண்டு பிளாக். முதல் பிளாக் மேல்மாடி வரை எழும்பி, உள்வேலைகள் நடந்துகொண்டிருந்தன. இரண்டாவது பிளாக் பாதியில் நின்றது. கிரேன், பம்ப், ஜெனரேட்டர் என்று சைட்டில் சத்தம் போடுகிற எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு. சத்தமே போடாத ஒரு கம்ப்யூட்டருக்கு அவர் பொறுப்பு. பிளானிங் இன்ஜினியர். ஐம்பதை ஒட்டிய வயது. காட்டன் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, கீழே சேஃப்டி ஷூ. தகரக் கன்டெய்னரை அறுத்துச் செய்த ஆபீஸில் ஜன்னலோர மேசை அவருடையது. தினமும் காலையில் வந்ததும் கைக்குட்டையால் கீபோர்டைத் துடைப்பார். கைக்குட்டை கறுப்பாகும். அங்கே காற்று அப்படி.

அவர் வேலை என்னவென்று எங்களில் பலருக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ஒரு மென்பொருள். அதில் ஒவ்வொரு வேலையும் ஒரு நீலக் கோடு. எந்த வேலைக்கு எந்த ஆள், எந்த மிஷின், எத்தனை நாள் என்று ஒவ்வொரு கோட்டுக்கும் பெயர் போட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி, வீடு என்றைக்கு முடியும் என்று அதுவே தேதி சொல்லும். ஒரே ஆளை ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்குப் போட்டுவிட்டால் அவன் பெயர் சிவப்பாக மாறிவிடும். இந்த ஆளிடம் இவ்வளவு வேலை வாங்க முடியாது என்று அர்த்தம்.

மற்ற சைட்டுகளில் இந்தச் சிவப்பைப் போக்க ஒரு வழி வைத்திருப்பார்கள். ஒருவனுடைய திறன் நூறு சதவீதம் என்று போட்டிருக்கும் இடத்தில் இருநூறு என்று திருத்திவிட்டால் போதும். ஒரு ஆள் இரண்டு ஆளாகிவிடுவான். சிவப்பு போய்விடும். மேலிடத்துக்கு அழகான ஷெட்யூல் போகும். எல்லோரும் செய்வதுதான். அவர் செய்ய மாட்டார். "இல்லைன்னா இல்லைன்னு போடுங்க" என்பதுதான் அவர் அடிக்கடி சொல்வது. ஜல்லி வரவில்லையா, இல்லை என்று போடு. கொத்தனார் ஆடி மாசக் கூழுக்குப் போய்விட்டானா, இல்லை என்று போடு. "வந்துடுவான் மேடம்" என்று இழுத்தால், "வந்த பிறகு சொல்லுங்க, அப்பப் போடுதேன்" என்பார். அலுப்பாக இருக்கும்போது அவர் பேச்சில் தெற்கத்தி வாடை ஏறிவிடும்.

தெற்கே திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். யானைக்கவுனியில் அப்பாவுக்கு மளிகை மொத்த வியாபாரம். வீடு காலடிப்பேட்டையில். ஒரு நாள் சாப்பிடும்போது அவராகவே சொன்னார். துவரம்பருப்பு கேட்டு யாராவது வந்து, கடையில் இல்லை என்றால், மற்ற கடைக்காரர்கள் "உக்காருங்க, இப்ப வருது" என்று பின்வழியாகப் பக்கத்துக் கடையில் வாங்கிக் கொடுப்பார்களாம். அப்பா மட்டும், "எங்கிட்ட இல்ல, அவிய கடையில இருக்கு, போயி வாங்கிக்கோங்க" என்று கையைக் காட்டி அனுப்பிவிடுவாராம்.

"அதனால கடை பெருசாச்சா மேடம்?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"இல்லை" என்றார். "மூடிட்டாவ."

இப்படிப்பட்ட ஆளோடு பழகுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மெஸ் சமையல்காரன் ஆசையாக வந்து, "சாம்பார் எப்படிம்மா?" என்று கேட்டால், "உப்பு இல்லை" என்பார். மறுநாள் அவன் விடாமல் வந்து கேட்டால், "இன்னைக்கு உப்பு இருக்கு. வேற ஒண்ணும் இல்லை" என்பார். ஆபீஸில் தட்டச்சு பார்த்த பெண் தனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை போட்டோவை எல்லோரிடமும் காட்டினாள். எல்லோரும் நன்றாக இருக்கிறார் என்றோம். இவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "வயசு கூடத் தெரியுதேம்மா" என்றார். அந்தப் பெண் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்தாள். எனக்குக் கோபம் வந்தது. இவரை யார் கேட்டது? கேட்டாள்தான். ஆனால் அப்படியா கேட்டாள்? மேடத்தின் கணவரைப் பற்றி ஒரு முறை நான் விசாரித்தபோதும் அதே தோரணைதான். "இருக்காவ. பேச்சு கிடையாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கோட்டுக்குப் போய்விட்டார்.

அவருக்குச் செகப்பு மேடம் என்று பெயர் வைத்தது ஏழுமலை. எங்கள் டவர் கிரேன் ஆபரேட்டர். ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் சின்ன கிரேன் ஓட்டிப் பழகி வந்தவர். செங்கல், கம்பி, கதவுச் சட்டம், தண்ணீர்த் தொட்டி, கான்கிரீட் பக்கெட் எல்லாமே அவர் கொக்கியில்தான் மேலே ஏற வேண்டும். இரண்டு பிளாக்குக்கும் நடுவில் அந்த ஒரு கிரேன்தான். முதலில் பகலுக்கு ஒருவர், ராத்திரிக்கு ஒருவர் என்று இரண்டு ஆபரேட்டர்கள் இருந்தார்கள். சித்திரையில் இன்னொருவர் துபாய்க்குப் போய்விட்டார். பதிலுக்கு ஆள் வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டோம். ஆள் வரவில்லை. ஏழுமலை காலையில் ஏணியில் ஏறினால் கான்கிரீட் முடிகிற வரைக்கும் மேலேயே இருப்பார். சோற்றுப் பையைக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்வார்.

ஒரு நாள் லீவுக்குக் கையெழுத்து வாங்க ஆபீஸுக்கு வந்தவர், மேடத்தின் திரையைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்.

"இன்னா மேடம், என் பேரு மட்டும் செகப்பா கீது?"

"நீங்க ஒரு ஆளு. வேலை ரெண்டு ஆளுக்கு இருக்குது. அதான்."

"கம்ப்யூட்டரு கண்டுபுடிச்சிதா?"

"ஆமா."

"நைனா, கேட்டியா?" என்று என் பக்கம் திரும்பினார். "நம்ம கஷ்டம் அதுக்குக் கூட தெரிஞ்சி கீது. செகப்பு மேடம், அத்த அயிச்சிடாதீங்க. அப்டியே கெடக்கட்டும்."

அவர் அதை அழிக்கவில்லை. அந்தச் சிவப்பு ஒவ்வொரு வாரமும் தலைமை அலுவலகத்துக்குப் போனது.

சைட் கேட்டுக்கு வெளியே, காம்பவுண்டுச் சுவரை ஒட்டித் தகரக் கொட்டகைகள். வீட்டை இடிக்கக் கொடுத்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்துவிடும். போன மழைக்கு அடுப்பைக் கட்டிலின் மேல் வைத்துச் சமைத்தார்கள். கேட் அருகே இட்லி விற்கிற பாக்கியம் அந்தக் கொட்டகைக்காரர்களுக்கு வாய். எங்களில் யார் போனாலும், "சாவி எப்போ?" என்பதுதான் முதல் கேள்வி. ஆளுக்கொரு தேதி சொல்வோம். "ரெண்டே மாசம்" என்பேன் நான். எனக்கு இட்லி சூடாக வேண்டும், அவ்வளவுதான். இவர் மட்டும் முதல் தடவை, "இன்னைக்குத் தெரியாது. திங்கக்கிழமை ஷெட்யூல் போட்டுட்டுச் சொல்லுதேன்" என்றார். சொன்னபடி திங்கட்கிழமை போய், "புரட்டாசி கடைசி" என்று சொன்னார். பாக்கியம் கரண்டியைத் தூக்கிக்கொண்டு கத்தினாள். எல்லோரும் ஆடி என்று சொல்லும்போது இது என்ன புதுசாகப் புரட்டாசி? ஆடியும் வந்தது. வீடு வரவில்லை. அதற்குப் பிறகு பாக்கியம் எங்களிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள். திங்கட்கிழமைகளில் இவருக்காகக் காத்திருப்பாள்.

"பொரட்டாசிதானே?"

"புரட்டாசி கடைசி. கிரேனுக்கு இன்னொரு ஆள் வந்தாத்தான். வரலைன்னா தள்ளிப்போவும்."

"வந்துடுவானா?"

"கேட்டிருக்கு. இன்னும் வரலை."

மழைக்கு முன்னால் சாவி வந்துவிடும் என்று கொட்டகை முழுக்க நம்பியது இந்தப் பதிலை வைத்துத்தான். பாக்கியத்தின் மகளுக்குக் கார்த்திகையில் பிரசவம். புது வீட்டுக்குத்தான் அழைத்து வருவது என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டாள்.

எங்கள் புராஜெக்ட் மேனேஜர் கெட்டவர் இல்லை. ரத்தக் கொதிப்புக்காரர். மேலே இருப்பவர்கள் அவரை வாரம் ஒரு முறை வீடியோவில் வைத்து வறுத்தெடுப்பார்கள். ஆவணி மாசத்துப் பெரிய ரிவ்யூவுக்கு முந்தின நாள் மேடத்தின் மேசைக்கு வந்து நின்றார்.

"மேடம், சிவப்பு தெரியக் கூடாது. ஏழுமலையை இருநூறு ஆக்கிடுங்க. ரிவ்யூ முடிஞ்சதும் மாத்திக்கலாம்."

"ரெண்டாவது ஏழுமலை எங்க சார் இருக்காவ? காட்டுங்க, போடுதேன்."

"எல்லா சைட்லயும் பண்றதுதான் மேடம்."

"அவிய பண்ணட்டும்."

மேனேஜர் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. அன்றைக்கு மாலை இவர் வீட்டுக்குப் போன பிறகு, தலைமை அலுவலகத்தில் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, அங்கிருந்தே ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார். மறுநாள் காலையில் இவர் கீபோர்டைத் துடைத்துவிட்டுத் திரையைத் திறந்தால், ஏழுமலையின் பெயர் கறுப்பாக இருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒருவர் முளைத்திருந்தார்: டவர் கிரேன் ஆபரேட்டர், இரண்டு.

"புது ஆள் வந்திருக்காவளா?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சு இல்லை மேடம்."

மேனேஜர் பின்னாலேயே வந்தார். "ஆள் கேட்டிருக்கோம்ல. எப்படியும் வந்துடுவாரு. வர்றதுக்கு முன்னாடி பேரைப் போட்டு வச்சிருக்கேன். பாருங்க, புரட்டாசி கடைசி அப்படியே நிக்குது. அந்த ஜனங்களுக்கும் நல்லதுதானே?"

இவர் மவுஸை அந்த வரிமேல் கொண்டுபோனார். அந்த வரியை அழித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அழிக்கவில்லை. புரட்டாசி என்ற அந்தத் தேதியை அவரால் தள்ளிவைக்க மனசு வரவில்லை என்று எனக்குத் தோன்றியது. அதற்கடுத்த திங்கட்கிழமை அவர் பின்பக்க கேட் வழியாக உள்ளே வந்தார். லாரிகள் மட்டும் வருகிற, சேறும் எண்ணெயுமாகக் கிடக்கிற கேட் அது. ஷூவைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் ஏன் இந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. அடுத்த இரண்டு திங்கட்கிழமைகளும் அதே வழிதான்.

இல்லாத ஆபரேட்டர் எங்களோடு நன்றாகவே ஒட்டிக்கொண்டார். ஷெட்யூலில் பெயர் இருந்ததால் தலைமை அலுவலகத்திலிருந்து அவருக்கு சேஃப்டி ஷூ என்ன சைஸ் என்று கேட்டார்கள். மருத்துவப் பரிசோதனைக்கு ஏன் வரவில்லை என்று நினைவூட்டல் வந்தது. மெஸ்ஸில் அவருக்கும் சேர்த்து அரிசி போட்டார்கள். ஏழுமலைக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

"சோக்கான ஆளு நைனா. ஒரு நாளு கூட எங்கையில சண்டை போட்டதில்ல. சோறு கேக்க மாட்டான், லீவு கேக்க மாட்டான். இந்த கம்பெனிக்கின்னே பொறந்தவன்" என்பார் வாக்கி டாக்கியில். கீழே எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிப்பது கேட்காது.

இரண்டு ஆள் இருக்கிறார்கள் என்பதால் ராத்திரி வேலையும் கூடியது. நான்தான் ஒரு நாள் பொறுக்க முடியாமல் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். கிரேன் ஆபரேட்டர் கேட்டிருந்தோமே, என்ன ஆயிற்று? போனை எடுத்த பையன் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு உற்சாகமாகச் சொன்னான்.

"உங்களுக்குத்தான் ஆள் வந்துட்டாரே சார். ஷெட்யூல்லயே இருக்காரு. அதனால அந்த ரிக்வெஸ்ட்டை க்ளோஸ் பண்ணிட்டோம்."

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியில் அப்படியே சாய்ந்தார். "இப்ப இல்லைன்னு சொன்னா, அப்ப ஏன் இருக்குன்னு சொன்னேன்னு கேப்பானே" என்றார். அதுவும் நியாயமான கவலைதான். அவருக்கு இரண்டு பெண்கள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார்கள். இல்லாத ஆள் வந்துவிட்டதால், வர வேண்டிய ஆள் வர மாட்டான். இதை நான் மேடத்திடமும் சொன்னேன். அன்றைக்கு மதியம் அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ, சாயங்கால டீ நேரம். முதல் பிளாக் மொட்டைமாடிக்கு ஒரு கட்டுக் கம்பி போய்க்கொண்டிருந்தது. பாதி வழியில் நின்றுவிட்டது. கீழே சித்தாள் பெண்கள் மணல் சலித்துக்கொண்டிருந்தார்கள். கிரேனுக்குச் சைகை காட்டுகிற ரிக்கர் விசில் ஊதினான். வாக்கியில் கத்தினான். பதில் இல்லை. கம்பிக்கட்டு காற்றில் மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருந்தது. நான் ஓடிப் போய்ப் பெண்களை விரட்டினேன். கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஜெனரேட்டர் பக்கம் நின்ற லாரிக்காரன் நிலைமை புரிந்து ஹாரனை அமுக்கிப் பிடித்தான். அதற்குப் பிறகுதான் வாக்கியில், "ஆங்?" என்று ஒரு குரல் வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஏழுமலை இறங்கி வந்து கிரேனின் அடியில் உட்கார்ந்தார். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இவர் ஹெல்மெட் கூடப் போடாமல் வந்துவிட்டார்.

"வாக்கி பேட்டரி டவுன் மேடம்" என்றான் ரிக்கர் அவசரமாக.

"தூங்கிட்டேம்மா" என்றார் ஏழுமலை. "வூட்டுக்கு எப்போ போனேன்னு ஞாபகம் இல்ல. கண்ணு தொறந்துகினேதான் இருந்திச்சி. எப்டி தூங்கினேன்னு தெர்ல."

இவர் ஆபீஸுக்குத் திரும்பினார். நானும் போனேன். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டாம் ஆபரேட்டர் என்ற வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தார். திரை முழுக்கச் சிவப்பு ஏறியது. அந்த மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால், இருக்கிற ஆளுக்குத் தகுந்தபடி வேலைகளை அதுவே தள்ளிவைத்துவிடும். அதை அழுத்தினார். நீலக் கோடுகள் ஒவ்வொன்றாக வலதுபக்கம் நகர்ந்தன. புரட்டாசியைத் தாண்டி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எல்லாவற்றையும் தாண்டி, கடைசிக் கோடு தை முடிவில் போய் நின்றது.

மேனேஜர் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை. "நாளைக்கு அனுப்பலாமே மேடம்" என்றார் மெல்லிய குரலில்.

"நாளைக்கும் அந்த ரெண்டாவது ஆளு வர மாட்டாவ சார்."

ஷெட்யூலோடு ஒரு வரி எழுதினார். இரண்டாம் ஆபரேட்டர் என்று ஒருவர் இந்த சைட்டில் எப்போதும் இருந்ததில்லை, இருக்கிற ஒருவர் இன்று கிரேனில் தூங்கிவிட்டார் என்று. அனுப்பினார். மேனேஜர் தடுக்கவில்லை. தடுக்கக்கூடிய இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் போதும் போதும் என்று ஆகியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கம்பெனி வழக்கப்படி நடந்தது. மேலே கூச்சல். விசாரணை. கொஞ்ச நாளில் ஜார்க்கண்டிலிருந்து நிஜமாகவே ஒரு ஆபரேட்டர் வந்து சேர்ந்தார். ஏழுமலை முதல் லீவில் ராயபுரத்துக்குப் போய் இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை என்று அவர் மனைவி போனில் சொன்னார். மேனேஜருக்கு எச்சரிக்கைக் கடிதம். மேடத்துக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால், வேறு மாநிலத்தில் ஒரு சைட்டுக்கு மாற்றல். நாங்கள் பிரிவுபசாரம் எதுவும் வைக்கவில்லை. வைத்திருந்தாலும், நாங்கள் பேசுகிற பேச்சை அவர் உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு இதெல்லாம் ஞாபகம் வருவதில்லை. ஷெட்யூலை அனுப்பியதற்கு அடுத்த திங்கட்கிழமை காலைதான் ஞாபகம் வருகிறது. மேனேஜர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: வெளியில் யாருக்கும் தேதி சொல்ல வேண்டாம். சமயம் வரும்போது அவர்களாகவே தெரிந்துகொள்வார்கள். நான் பாக்கியத்திடம் இட்லி வாங்கிக்கொண்டிருந்தேன். இவர் முன்பக்க கேட்டுக்கு நடந்து வந்தார்.

"எங்க மேடம் ஆளையே காணோம்?" என்றாள் பாக்கியம். "பொரட்டாசிதானே?"

"இல்லம்மா. தை கடைசி."

பாக்கியம் இட்லித் தட்டிலிருந்து கையை எடுத்தாள். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மய முச்சூடும் இங்கியா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா."

பாக்கியம் கொட்டகைப் பக்கம் திரும்பி, "ஏ, கேட்டுக்கங்கடி! இந்த மயையும் இங்கதான். தார்ப்பாயி இப்பவே வாங்கி வச்சிக்கோங்க!" என்று குரல் கொடுத்தாள். ஒரு பெண் தலையை நீட்டி, யார் சொன்னது என்று கேட்டாள். "செகப்பு மேடம்தான் சொல்லுது" என்றாள் பாக்கியம். அந்தப் பெண் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். நான் இட்லியை இலையோடு மடித்து வைத்தேன்.

பாக்கியம் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "இவங்கோ சொல்றத நான் என்னிக்கும் நம்பினதில்ல. நீ சொன்ன, நம்பினேன். சம்மந்தி வூட்ல சொல்லிட்டேன். இப்போ இன்னா சொல்லுவேன்? நீயாச்சும் இன்னும் ரெண்டு மாசம் பொய் சொல்லிகினு இருந்திருக்கலாமேம்மா. தண்ணி உள்ள வந்தப்புறம் தெரிஞ்சிருந்தா போதாதா?"



"பொய்யும் சொன்னேம்மா. மூணு வாரமாச் சொன்னேன். இந்தப் பக்கமே வராம."

பாக்கியம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இட்லிப் பானையின் மூடியைத் திறந்துகொண்டே சொன்னாள்.

"அந்த மூணு வாரந்தான் நான் நல்லா தூங்கினேன்."